சத்திரசிகிச்சைக்குப் பின் நோவு மருந்து: ஒரே உறைக்குள் நான்கு வேறு வேலைகள்

போதை மாத்திரைகளுடன் இளைஞர் கைது என்ற செய்தி யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. அச்செய்திகளில் அடிபடும் ட்ரமடோல், பிரெகபலின் போன்ற பெயர்கள், முழங்காலிலோ முள்ளந்தண்டிலோ சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பும் தாயாரின் மருந்துத் துண்டிலும் இருப்பதைக் காணும் குடும்பம் திகைத்துப்போவது இயல்பே. சிலர் அந்தக் குளிசையை மட்டும் உறையோடு ஒதுக்கி வைத்துவிட்டு, நோயாளியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்கிறார்கள். வேறு சிலர், வைத்தியர் தந்ததுதானே என்ற துணிவில், முனகல் கேட்கும்போதெல்லாம் கையில் அகப்பட்டதை எடுத்துக் கொடுக்கிறார்கள். இரண்டு தவறுகளுக்கும் தொடக்கம் ஒன்றே. “நோக்குளிசை” என்று நாம் பொதுவாகச் சொல்லும் சொல்லுக்குள், உடலில் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விதமாக வேலைசெய்யும் குறைந்தது நான்கு வகை மருந்துகள் இருக்கின்றன. எந்தக் குளிசை எந்த வேலைக்கு என்பது விளங்கினால், துண்டில் எழுதியிருக்கும் நேரமும் அளவும் ஏன் அப்படி இருக்கின்றன என்பதும் தானாகவே விளங்கும்.

வெட்டிய இடத்திலிருந்து மூளை வரை

தோலும் தசையும் வெட்டப்படும்போது, சேதமடைந்த கலங்களிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள இழையங்களிலிருந்தும் பல இரசாயனப் பொருட்கள் வெளிப்படுகின்றன. அவற்றுள் புரொஸ்ரகிளாண்டின்கள் என்ற தொகுதி முக்கியமானது. இவை நேரடியாக நோவைத் தருவதைவிட, அங்குள்ள நரம்பு முனைகளைக் கூருணர்வு கொண்டவையாக ஆக்கிவிடுகின்றன. வழக்கமாக நாம் பொருட்படுத்தாத ஓர் இருமலும், வேட்டி முடிச்சு உரசுவதும்கூடத் துடிக்க வைப்பது இதனால்தான். அழற்சி எனப்படும் இந்த வீக்கமும் சூடும் முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தில் இருக்கும். பிறகு படிப்படியாகத் தணியும்.

நரம்பு முனையில் தோன்றிய செய்தி முள்ளந்தண்டு நாணுக்குப் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. முள்ளந்தண்டு நாண் வெறும் கம்பி அல்ல. அது செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல ஒரு படலை போன்றது என்ற கருத்தை மெல்சாக், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1965 இல் முன்வைத்தார்கள். விவரங்கள் பின்னர் மாறினாலும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. மூளையிலிருந்து கீழிறங்கும் கட்டளைகளும் அந்தப் படலையைத் திறக்கவும் மூடவும் செய்கின்றன. அச்சமும் நித்திரையின்மையும் நோவைக் கூட்டுவது மனப்பிரமை அல்ல. அதற்கு உடலில் வழி இருக்கிறது.

ஆகவே நோவை மூன்று இடங்களில் மறிக்கலாம்: காயத்தில், நரம்பு வழியில், முள்ளந்தண்டு நாணும் மூளையும் சேர்ந்த நடுப்பகுதியில். சத்திரசிகிச்சைக்கு முன் நாரியில் போடப்படும் விறைப்பு ஊசி வழியை மறிக்கும் வகையைச் சேர்ந்தது. அதன் வேலை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். கால் விரல்களை அசைக்க முடிகிறது என்று நோயாளி மகிழும் அந்த நேரமே நோவு வந்து சேரும் நேரமும் ஆகும் என்பதால், விறைப்பு விடத் தொடங்கியதுமே தாதியிடம் சொல்லிவிடுவது நல்லது. முழுதாக விட்ட பிறகு சொன்னால், ஊசியோ குளிசையோ வேலைசெய்யத் தொடங்கும் வரை துடிக்க வேண்டியிருக்கும்.

உறைக்குள் இருக்கும் நான்கு வகை

1. பரசிட்டமோல். நாம் பனடோல் என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலும் நடுநரம்பு மண்டலத்தில் வேலைசெய்கிறது, வீக்கத்தைக் குறைக்காது. காய்ச்சலுக்குப் போடும் சாதாரணக் குளிசைதானே என்று இதை இளப்பமாக எண்ணுவதுதான் வீட்டுப் பராமரிப்பில் நடக்கும் முதல் பிழை. நேரம் தவறாமல் கொடுத்தால் இதுவே மற்ற எல்லா மருந்துகளுக்கும் அத்திவாரம்.

2. ஸ்ரீரொயிட் அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள். டைக்ளோபெனாக், இபுபுரோபென், மெபனமிக் அசிட் என்பன இவ்வகை. புரொஸ்ரகிளாண்டின்களை உண்டாக்கும் நொதியத்தை இவை மறிக்கின்றன. அஸ்பிரின் இப்படித்தான் வேலைசெய்கிறது என்பதை ஜோன் வேன் 1971 இல் காட்டினார். புரொஸ்ரகிளாண்டின் பற்றிய ஆய்வுகளுக்காக 1982 இல் மேலும் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நோவு காயத்திலேயே தடுக்கப்படுவதால், சத்திரசிகிச்சை நோவுக்கு இவை மிகப் பொருத்தமானவை. ஆனால் அதே புரொஸ்ரகிளாண்டின்கள்தான் இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரகத்தின் குருதி ஓட்டத்தையும் காக்கின்றன. அதன் விலையைப் பின்னர் பார்ப்போம்.

3. ஒப்பியொயிட்டுகள். அபினிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மோர்பினும் கோடீனும், ஆய்வுகூடத்தில் உருவான பெத்திடின், ட்ரமடோல், பென்ரனில் முதலியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. முள்ளந்தண்டு நாணிலும் மூளையிலும் உள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, மேலே சொன்ன படலையை மூடுகின்றன. நோவு அடங்கும், கூடவே மலமும் அடங்கும், நித்திரை கூடும், அளவு மீறினால் மூச்சும் அடங்கும்.

4. நரம்பு நோவுக்கான மருந்துகள். பிரெகபலின், கபபென்ரின் ஆகியன. வெட்டுக்காயத்தின் நோவுக்கு இவை பெரிதாக உதவுவதில்லை. நரம்பு நசிந்ததாலோ அறுந்ததாலோ வரும் எரிவு, மின் அடித்தாற்போன்ற சுள்ளிப்பு ஆகியவற்றுக்கே இவை தரப்படுகின்றன. ஒப்பியொயிட்டுடன் சேரும்போது மயக்கத்தைக் கூட்டும்.

இந்த நான்கையும் அறிந்தவர்களுக்கு, ஒரே நேரத்தில் ஏன் இரண்டு மூன்று நோவு மருந்துகள் எழுதப்படுகின்றன என்பது புதிராக இராது. வெவ்வேறு இடங்களில் சிறிது சிறிதாக மறித்தால், எந்த ஒன்றையும் உச்ச அளவுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. குறிப்பாக மூன்றாவது வகையின் தேவை வெகுவாகக் குறைகிறது. பரசிட்டமோலையும் டைக்ளோபெனாக்கையும் நேரத்துக்குக் கொடுக்கும் வீட்டில் ட்ரமடோல் உறை பெரும்பாலும் திறக்கப்படாமலே இருக்கும். நோவுக் குளிசையே வேண்டாம் என்று ஒதுக்கும் வீட்டில்தான் அது இரவு இரண்டு மணிக்குத் தேடப்படும்.

உலக சுகாதார நிறுவனம் 1986 இல் வெளியிட்ட “நோவு ஏணி” இங்கே சிலரைக் குழப்புவதுண்டு. அது புற்றுநோயின் நோவுக்காக வகுக்கப்பட்டது. மெல்லிய மருந்தில் தொடங்கி, நோய் கூடக்கூட மேலே ஏறுவது. சத்திரசிகிச்சையில் ஏணியின் திசை தலைகீழ். முதல் நாள்தான் நோவு அதிகம். ஆகவே மேற்படியில் தொடங்கி ஒவ்வொரு நாளும் கீழே இறங்க வேண்டும்.

மணிக்கூடு பார்த்துக் கொடுப்பது ஏன்

மருந்தகத்தில் தரும் சிறு காகித உறையில் காலை, பகல், இரவு என்ற மூன்று சொற்கள் அச்சிடப்பட்டிருக்கும். அதன் மேல் பேனையால் ஓர் எண். துண்டில் இருப்பதோ வேறு எழுத்து: பி.டி. என்றால் நாளுக்கு இருமுறை, ரி.டி.எஸ். என்றால் மும்முறை, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இவை இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகள். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். அந்த ஊரில் இன்று ஒரு நோயாளி தன் குளிசையின் நேரத்தை இலத்தீன் எழுத்திலிருந்து ஊகிக்க வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

இந்த மூன்று சொல் உறையினால் விளையும் சிக்கலை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். பித்தப்பை அகற்றப்பட்டு இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்ட 61 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். துண்டில் நான்கு வரிகள்: பரசிட்டமோல் 1 கிராம் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை; டைக்ளோபெனாக் 50 மி.கி. இருமுறை, சாப்பாட்டுக்குப் பின். இரைப்பையைக் காக்கும் ஒமெப்ரசோல் 20 மி.கி. காலையில் வெறுவயிற்றில், ட்ரமடோல் 50 மி.கி. எஸ்.ஓ.எஸ்.

வீட்டார் மருந்தைச் சாப்பாட்டோடு கட்டிவிடுகிறார்கள். காலை எட்டரைக்கு இடியப்பம், பகல் ஒன்றரைக்குச் சோறு, இரவு எட்டரைக்குப் புட்டு. ஒவ்வொன்றின் பின்னும் இரண்டு பரசிட்டமோல். நாளுக்கு நான்கு வேளை என்ற மருந்து மூன்று வேளையாகிவிட்டது. அதைவிட முக்கியமானது, இரவு எட்டரைக்கும் மறுநாள் காலை எட்டரைக்கும் இடையில் 12 மணித்தியால இடைவெளி. பரசிட்டமோலின் வேலை நான்கு முதல் ஆறு மணித்தியாலங்கள்தான். இரவு மூன்று மணிக்கு அவர் சிறுநீர் கழிக்க எழ முயல்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிடுகிறார். “பவர் கூடினதைக் குடுங்கோ” என்று ட்ரமடோல் எடுக்கப்படுகிறது. அது வேலைசெய்ய ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஆகும் என்பது தெரியாமல் அரை மணியில் இன்னொன்று. நான்கரைக்குத் தலைசுற்று, ஓங்காளம், குளியலறை வாசலில் தடுமாற்றம். விடிந்ததும் அந்தக் குளிசை ஒத்துக்கொள்ளவில்லை என்று தீர்ப்பு எழுதப்படுகிறது.

உண்மையில் ஒத்துக்கொள்ளாமல் போனது நேரம்தான். பரசிட்டமோலுக்குச் சாப்பாடு அவசியமில்லை. காலை 6, பகல் 12, மாலை 6, நள்ளிரவு 12 என்று, நல்லூரில் பூசை மணி அடிப்பதுபோல, நேரம் பிசகாமல் கொடுத்திருக்கலாம். டைக்ளோபெனாக்கைத்தான் சாப்பாட்டோடு சேர்க்க வேண்டும்: காலை எட்டரை, இரவு எட்டரை. இவ்விரண்டும் நேரத்துக்குப் போயிருந்தும் எழுந்து நடக்க முடியாத நோவு மிஞ்சினால், அதற்காகத்தான் எஸ்.ஓ.எஸ். என்ற வரி. முதல் மூன்று நாட்களுக்கு நோவு வந்த பிறகு மருந்து தேடக்கூடாது. மருந்து இருக்கும்போது நோவு வர வேண்டும். நித்திரையைக் குழப்பக் கூடாதே என்று நள்ளிரவுக் குளிசையைத் தவிர்ப்பவர்கள், முதல் இரண்டு இரவுகளுக்காவது கைபேசியில் அலாரம் வைத்து எழுப்புவதே அந்த நித்திரையைக் காக்கும் வழி.

எழுதுவதற்கு ஒரு பழைய கொப்பி போதும். மருந்தின் பெயர், கொடுத்த நேரம், யார் கொடுத்தது. மகள் கொடுத்ததை அறியாமல் மருமகளும் கொடுப்பது கூட்டுக் குடும்பங்களில் நடக்கும் விபத்து.

பொறுத்துக்கொள்வதன் விலை

பொருளாதாரத் தடையும் மருந்துத் தட்டுப்பாடும் நிலவிய ஆண்டுகளைக் கடந்துவந்த தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது. அவர்களிடம் நோவைப் பற்றிக் கேட்டால் “பரவாயில்லை, தாங்கலாம்” என்றுதான் பதில் வரும். விடுதியில் வைத்தியர் நோவை 0 முதல் 10 வரை எண்ணாகச் சொல்லச் சொன்னாலும் மூன்று என்பார்கள். கட்டிலில் திரும்பும்போது முகம் வேறு எண்ணைச் சொல்லும். எண்ணைவிடச் செயலைக் கேட்பது இவர்களிடம் பலனளிக்கும்: ஆழமாக மூச்செடுக்க முடிகிறதா, இருமிச் சளியைக் கொண்டுவர முடிகிறதா, எழுந்து பத்து அடி நடக்க முடிகிறதா?

இந்த மூன்று கேள்விகளும் மருத்துவக் காரணத்தோடு கேட்கப்படுபவை. வயிற்றிலோ நெஞ்சிலோ வெட்டியவர் நோவுக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால், நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தேங்கி நியூமோனியா வரலாம். நடக்காமல் கிடந்தால் கால் நாளங்களில் குருதி உறையலாம். கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. முழங்கால் மாற்றியவர் முதல் வாரங்களில் மடக்கிப் பழகாவிட்டால் மூட்டு இறுகிவிடும். மேலும், அடக்கப்படாத கடும் நோவு முள்ளந்தண்டு நாணையே கூருணர்வுக்குப் பழக்கிவிடுகிறது. காயம் ஆறிய பிறகும் மூன்று மாதங்களுக்கு மேல் தொடரும் நோவுக்கு இது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

மறுபக்கத்தில், நோவு பூச்சியமாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் தவறு. அசையாமல் படுத்திருக்கும்போது சிறு உளைவு, நடக்கும்போது தாங்கக்கூடிய இழுவை, இதுதான் எட்டக்கூடிய இலக்கு. பூச்சியத்தைத் துரத்தினால் அளவுதான் மீறும்.

நோவின் தன்மையைச் சொல்ல நம் பேச்சில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. குத்து, உளைவு, எரிவு, கடுப்பு, விண்விண் என்ற தெறிப்பு, விறைப்பு. ஒவ்வொன்றும் வைத்தியருக்குத் தனித்தனித் துப்பு. எரிவும் சுள்ளிப்பும் நரம்பைக் காட்டும். விண்விண் என்று தெறித்து நாளுக்கு நாள் கூடுவது சீழ் பிடிப்பதாக இருக்கலாம். வெறுமனே “நோகுது” என்பதைவிட இச்சொற்கள் பயன் தரும்.

ஒரு மருந்து, பல பெயர்கள்

அரச வைத்தியசாலைத் துண்டுகளில் பெரும்பாலும் மருந்தின் மூலப்பெயர்தான் இருக்கும். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971 இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே வலியுறுத்திய கொள்கையின் தொடர்ச்சி அது. வணிகப் பெயர்கள் எத்தனை இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றே. 2022 இன் மருந்துத் தட்டுப்பாட்டுக்காலத்தில் கிடைத்த வணிகப் பெயரை வாங்கிய அனுபவம் பலருக்கு இருக்கிறது. அப்போது விளங்கிய அந்தப் பாடம், வீட்டு அலுமாரியைத் திறக்கும்போது மறந்துபோகிறது.

அந்த அலுமாரியில் கனடாவிலிருந்து மாமி கொண்டுவந்த ரைலினோல் இருக்கும். போத்தலில் அசெற்றமினோபென் என்று எழுதியிருக்கும். அது பரசிட்டமோலேதான், வட அமெரிக்காவில் அதற்கு அந்தப் பெயர். லண்டனிலிருந்து வந்த கோ-கோடமோல் என்பது பரசிட்டமோலும் கோடீனும் சேர்ந்தது. தடிமனுக்குப் போடும் பல கூட்டுக் குளிசைகளிலும் பரசிட்டமோல் உண்டு. அட்வில் என்பது இபுபுரோபென். டைக்ளோபெனாக் எடுப்பவருக்கு அதையும் கொடுப்பது, நோவை அதிகம் குறைக்காமல் பக்கவிளைவை மட்டும் கூட்டும்.

கணக்கைப் பாருங்கள். ஈரலும் உடல் எடையும் சரியாக உள்ள வளர்ந்தவருக்குப் பரசிட்டமோலின் உச்ச வரம்பு நாளுக்கு 4 கிராம். அதாவது 500 மி.கி. குளிசை எட்டு. மேலே சொன்ன பெண்ணின் துண்டிலேயே அந்த எட்டும் வந்துவிட்டது. இரவில் நல்ல நித்திரைக்கென்று ரைலினோல் 500 மி.கி. இரண்டு சேர்ந்தால் 5 கிராம். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு வரம்பு இன்னும் கீழே. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கில், 40 கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு 600 மி.கி.தான் வருகிறது, எல்லோருக்கும் இரண்டு குளிசை என்ற வழக்கம் அவருக்குப் பொருந்தாது. எடையை வைத்தியரிடம் சொல்லிக் கேட்க வேண்டும். மது அருந்துவோர், ஈரல் நோயுள்ளோர், பல நாட்களாகச் சரிவரச் சாப்பிடாதோர் ஆகியோரும் அப்படியே. அளவு மீறிய பரசிட்டமோல் ஈரலைச் சிதைக்கும்போது முதல் நாள் பெரிதாக எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். மாற்று மருந்து உண்டு; அது விரைவாகக் கொடுக்கப்பட்டால்தான் முழுப் பலன். ஆகவே அளவு மீறியது தெரிந்ததும், நோயாளி நன்றாக இருந்தாலும், வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

டைக்ளோபெனாக்: நம் ஊருக்குரிய மூன்று எச்சரிக்கைகள்

இரைப்பைப் புண், ஆஸ்மா, இருதயச் செயலிழப்பு, குருதியுறைவைத் தடுக்கும் வார்பரின் போன்ற மருந்துகள் ஆகியவை இருந்தால் இந்த வகை மருந்து ஆபத்தாகலாம் என்பது எங்கும் சொல்லப்படுவது. மலவாசல் வழியாக வைக்கும் டைக்ளோபெனாக் வயிற்றைப் பாதிக்காது என்ற நம்பிக்கை மட்டும் திருத்தப்பட வேண்டியது. மருந்து குருதியில் கலந்த பிறகு இரைப்பையின் காப்பைக் குறைக்கும். அது எந்த வாசலால் நுழைந்தது என்பது பொருட்டல்ல. குளிசையும் அதுவும் சேர்த்து நாளுக்கு 150 மி.கி. என்ற வரம்பும் மாறாது. இவற்றுக்கு மேல் இங்கே கவனிக்க வேண்டியவை:

1. டெங்கு. மாரிகாலத்தில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்றால் முதலில் எழும் ஐயம் அதுதான். டெங்குவில் குருதிச் சிறுதட்டுகள் குறையும். டைக்ளோபெனாக், இபுபுரோபென், மெபனமிக் அசிட், அஸ்பிரின் ஆகியன குருதிக்கசிவின் ஆபத்தைக் கூட்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் இவ்வகை மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், காயத்தில் கிருமித்தொற்றா டெங்குவா என்று தெரியும் வரை அதை நிறுத்திவிட்டு உடனே வைத்தியரைக் காண வேண்டும்.

2. சிறுநீரகம். நீரிழிவுக்கும் உயர் குருதியமுக்கத்துக்கும் கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் பலர். லொசார்ற்றன், எனலப்பிரில் போன்ற அமுக்கக் குளிசையும், சிறுநீரை அதிகமாக்கும் குளிசையும், டைக்ளோபெனாக்கும் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகத்தின் குருதி ஓட்டம் மூன்று பக்கத்தாலும் நெருக்கப்படுகிறது. வாந்தியோ வயிற்றோட்டமோ சேர்ந்தால் சில நாட்களிலேயே செயலிழப்பு வரலாம். சத்திரசிகிச்சை விடுதிக்குப் போகும்போது கிளினிக் கொப்பியையும் எடுத்துப்போவது இதற்காகத்தான்.

3. விரதம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் நீராகாரத்தோடு இருப்பவர்கள் உண்டு. வெறுவயிறும் நீர்க்குறைவும் சேர்ந்த அந்நாட்கள் இந்த மருந்துக்கு ஏற்றவை அல்ல. விரதத்தையோ மருந்தையோ வைத்தியரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

ஒப்பியொயிட்: அச்சத்தின் எந்தப் பகுதி சரி

மூன்று சொற்களை வேறுபடுத்தினால் குழப்பம் பெருமளவு தீரும். பல நாட்கள் எடுத்தால் அதே அளவு முன்போல வேலைசெய்யாமல் போவது சகிப்பு. திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றோட்டம், பதற்றம் வருவது உடற்சார்பு. இவ்விரண்டும் யாருக்கும் வரக்கூடிய உடலியல் விளைவுகள். தீங்கு விளைகிறது என்று தெரிந்தும் தேடித் தேடி எடுப்பதே அடிமையாதல். எழுதிய அளவில், எழுதிய காரணத்துக்காக, சில நாட்கள் மட்டும் எடுப்பவர் அந்த நிலைக்குப் போகும் வாய்ப்பு குறைவு. இல்லை என்று சொல்ல முடியாது. மதுப்பழக்கமோ வேறு போதைப்பழக்கமோ முன்பு இருந்தவர்களுக்கு அது கூடும். அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்வது நோயாளிக்கே நல்லது. நாட்கள் வாரங்களாக நீளும்போதும், காயத்துக்கு எழுதியது மனக்கவலைக்கும் நித்திரைக்கும் எடுக்கப்படும்போதும்தான் கதை மாறுகிறது.

உடனடி ஆபத்து அடிமையாதல் அல்ல, மூச்சு அடங்குவதே. அதற்குப் பெரும்பாலும் கூட்டாளிகள் இருப்பார்கள்: நித்திரைக் குளிசை, பிரெகபலின், மது. கள்ளு குளிர்ச்சிதானே, இயற்கைதானே என்பவர்களுக்காக ஒரு வரி: பனங்கள்ளிலும் அல்ககோல் உண்டு. ஒப்பியொயிட்டால் வரும் தோல் கடிக்குப் பிரிற்றன் என்ற ஒவ்வாமைக் குளிசையைப் போடுவதும் மயக்கத்தைக் கூட்டும். ட்ரமடோலுக்குத் தனியாக இன்னொரு சிக்கல் இருக்கிறது. வலிப்பு நோயுள்ளவர்களுக்கும், மனச்சோர்வுக்குச் சில மருந்துகள் எடுப்பவர்களுக்கும் அது ஆகாது. கிளினிக்கில் எடுக்கும் மனநல மருந்தை உறவினர் முன்னிலையில் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பது இங்கே அபாயமாக முடியலாம்.

கோடீன் சற்று வஞ்சகமானது. அது உடலில் மோர்பினாக மாறிய பிறகே வேலைசெய்கிறது. அந்த மாற்றம் சிலருக்கு மிக மெதுவாகவும் சிலருக்கு மிக விரைவாகவும் நடக்கும். விரைவாக மாற்றும் குழந்தைகளுக்கு ஏற்பட்ட இறப்புகளை அடுத்து, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கோடீனும் ட்ரமடோலும் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்து ஒழுங்குபடுத்துநர் 2017 இல் எச்சரித்தார்கள். தாய்ப்பால் கொடுக்கும் தாய்மாரும் அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்றார்கள். சிசேரியனுக்குப் பின் பரசிட்டமோலும் டைக்ளோபெனாக்கும் முதன்மையாகத் தரப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்விரண்டும் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே சேர்கின்றன. பிள்ளைக்காக என்று அவற்றையும் தவிர்த்துத் துடிக்கும் தாய் பாலூட்டவே சிரமப்படுவார்.

மலச்சிக்கல் ஒப்பியொயிட்டின் நிச்சயமான விளைவு; நாட்பட்டாலும் அதற்கு உடல் பழகாது. நம் வீடுகளில் அதைக் கூட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. காயம் ஆறும் வரை கிரந்திச் சாப்பாடு ஆகாது என்று கத்தரிக்காய், தக்காளி, கீரை சில, மீன் வகை சில எல்லாம் நிறுத்தப்பட்டு, பாணும் சோற்றுக் கஞ்சியும் மட்டும் மிஞ்சும். நார்ச்சத்தும் இல்லை, நடையும் இல்லை, கோடீன் மட்டும் உண்டு. நான்காம் நாள் முக்கும்போது வயிற்றுத் தையல் இழுபடும். கோடீனோ ட்ரமடோலோ தொடங்கும் அன்றே மலமிளக்கி ஒன்றையும் கேட்டு வாங்குவது நல்லது. பப்பாசிப்பழமும் போதிய தண்ணீரும் எந்தப் பத்தியத்துக்கும் விரோதமல்ல.

எப்போது காத்திருக்கக் கூடாது

கீழ்க்காணும் நிலைகளில் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

1. எழுப்பினால் எழும்பாத மயக்கம். நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவான மூச்சு. ஊசிமுனைபோலச் சுருங்கிய கண்மணி. குறட்டைதானே என்று விட்டுவிடக் கூடாது.
2. தார்போலக் கறுத்த மலம், அல்லது குருதி வாந்தி.
3. முகம், நாக்கு வீங்குதல், மூச்சு முட்டுதல்.
4. நெஞ்சு நோவு, அல்லது ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச்சதை நோதல்.
5. அரை நாளுக்கு மேலாகச் சிறுநீர் போகாமை.

மூன்றாம் நாளுக்குப் பிறகு நோவு குறையாமல் கூடிக்கொண்டே போவதும், காயம் சிவந்து சூடாவதும் குளிசையை மாற்றித் தீர்க்கும் விடயங்கள் அல்ல. அங்கே நோவு ஒரு செய்தி. அதை மருந்தால் மூடினால் செய்தி பிந்திக் கிடைக்கும்.

இறங்கும் வரிசையும் மிஞ்சும் குளிசையும்

நிறுத்தும்போது பலர் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். நோவு குறைந்ததும் “சாதாரண” பனடோலை முதலில் விட்டுவிட்டு, நோவு தலைகாட்டும்போது ட்ரமடோலை எடுக்கிறார்கள். சரியான வரிசை இது: முதலில் ஒப்பியொயிட்டை நிறுத்துவது, பிறகு டைக்ளோபெனாக், பரசிட்டமோலைக் கடைசியாக, வேளைகளைக் குறைத்துக் குறைத்து. ஒப்பியொயிட்டை ஒன்றிரண்டு வாரங்களுக்கு மேல் எடுத்தவர்களும், பிரெகபலின் எடுப்பவர்களும் திடீரென நிறுத்தக் கூடாது. எப்படிக் குறைப்பது என்று வைத்தியரே எழுதித் தர வேண்டும்.

மிஞ்சிய ட்ரமடோலும் கோடீனும் பிரெகபலினும் அலுமாரியில் இருக்கத் தேவையில்லை. கைதுச் செய்திகளில் வரும் மாத்திரை எல்லாம் கடத்திவரப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. திறந்த அலுமாரியும் ஒரு வழிதான். பக்கத்து வீட்டு நாரிப்பிடிப்புக்கு அன்பாகக் கொடுப்பதும் வேண்டாம். அவருடைய வலிப்பும் சிறுநீரகமும் நமக்குத் தெரியாது. மலகூடத்தில் கொட்டுவதும் வளவில் புதைப்பதும் இங்கே கூடாது. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மேலே விட்டது கீழே இறங்கிக் கிணற்றுக்கே வரும். மிஞ்சியதை எடுத்துக்கொண்டு, மறுபரிசோதனைக்குப் போகும் அன்று வைத்தியசாலை மருந்தாளரிடம் கேட்டுக் கையளிக்கலாம். அதற்கு வசதியில்லையென்றால் குளிசைகளை உறையிலிருந்து எடுத்து, ஈரத் தேயிலைச் சக்கையோடு குழைத்து, இறுகக் கட்டிய பையில் குப்பைக்குப் போடலாம்; உறையிலுள்ள பெயரைக் கிழித்துவிட வேண்டும்.